'கம்ப்யூட்டர்' அண்ணனுக்கு என்ன ஆச்சு?

ஒட்டன்சத்திரம் காந்தி காய்கறி மார்க்கெட்டில் மத்தியானத்துக்கு மேல் யாரும் மெதுவாகப் பேச முடியாது. முருங்கைக்காய்க் கட்டுகளை இறக்கும் சத்தம், தக்காளிப் பெட்டிகளை இழுக்கும் சத்தம், ஏலம் விடுகிறவரின் குரல், கேரளாவுக்குக் கிளம்பும் லாரிகளின் ஹாரன் என்று காதைப் பிளக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவே, ஒரு கமிஷன் கடையின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார் அறுபது வயதை நெருங்கும் ஒரு பெரியவர். மடியில் மடக்கிய வெள்ளைக் கோல். முகத்தில் லேசான சிரிப்பு.

மார்க்கெட்டில் அவரை 'கம்ப்யூட்டர் அண்ணன்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஏலம் நடக்கும்போது வாயைத் திறக்க மாட்டார். முடிந்ததும் கணக்குப்பிள்ளை நோட்டைத் திறந்து, "அண்ணே, சொல்லுங்க" என்பார். "கள்ளிமந்தையத்துக்காரர் முருங்கை 14 கட்டு, கிலோ 38. இடையகோட்டைக்காரர் தக்காளி 22 பெட்டி, 310. விருப்பாச்சிக்காரர் வாழைக்காய் 9 தார், இன்னும் விலை முடியல" என்று வரிசை மாறாமல் சொல்வார். எழுதிய சீட்டோடு ஒத்துப் பார்த்தால், தப்பு பெரும்பாலும் சீட்டில்தான் இருக்கும்.

அவருக்கு மூன்று வயதில் மணல்வாரி வந்தது. உடம்பில் ஏற்கெனவே சத்துக் குறைவு. மணல்வாரி வந்தால் குழந்தையின் உடம்பில் இருக்கும் கொஞ்சநஞ்ச வைட்டமின் ஏ-யும் தீர்ந்துவிடும். கண்ணின் கருவிழி வறண்டு, புண்ணாகி, வெண்மையாகிவிடும். 'கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்று ஊரில் சொல்வது இதைத்தான். 1960-களில் இப்படிப் பார்வை இழந்த குழந்தைகள் எத்தனையோ பேர். அவர் அவர்களில் ஒருவர். தடுப்பூசியும் வைட்டமின் ஏ சொட்டு மருந்தும் எல்லா ஊருக்கும் வருவதற்கு முந்தைய காலம் அது.

பிறகு பாளையங்கோட்டைப் பார்வையற்றோர் பள்ளி. ஆஸ்க்வித் அம்மையார் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய பழைய பள்ளி அது. அங்கேதான் பிரெயில் படித்தார். அங்கேதான் உயிர் நண்பர் ஒருவரும் கிடைத்தார். அந்த நண்பர் பிற்பாடு வங்கியில் டெலிபோன் ஆபரேட்டராகி, ஓய்வு பெற்று, இப்போது திண்டுக்கல்லில் இருக்கிறார். மகள் வீட்டில் அவருக்குப் பெயர் 'ஆபரேட்டர் மாமா'.

ஹாஸ்டலில் இரண்டு பேரும் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தார்கள். ஒருவர் வரிசையாக எண்களைச் சொல்ல வேண்டும். அடுத்தவர் அதைக் கடைசியிலிருந்து திருப்பிச் சொல்ல வேண்டும். நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் ஞாயிற்றுக்கிழமை போனில் பேச்சை முடிக்கும் முன் ஆபரேட்டர் கேட்பார், "நம்பர் போடட்டுமா?" எட்டு இலக்கம் வரை கம்ப்யூட்டர் அண்ணன் தடுமாறியதில்லை.

இந்த விளையாட்டு பின்னால் அவருடைய உயிரைக் காப்பாற்றப் போகிறது என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

ஓணம் நேரத்தில் ஒரு சறுக்கல்

ஓணத்துக்கு முந்தைய வாரம் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் நிற்க இடமிருக்காது. அப்படி ஒரு நாளில், தரையில் கிடந்த முட்டைக்கோஸ் இலையில் வழுக்கி விழுந்தார். தலையின் பக்கவாட்டில் ஒரு தராசு மேடை இடித்தது. மயக்கம் இல்லை, வாந்தி இல்லை, ரத்தமும் இல்லை. நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம். லோடுமேன்கள் தூக்கி உட்கார வைத்து சோடா வாங்கிக் கொடுத்தார்கள். "ஒண்ணுமில்லப்பா, வேலையைப் பாருங்க" என்றார். மறுநாளும் கடைக்கு வந்தார்.

நாலைந்து வாரம் கழித்துத்தான் மாற்றம் தெரிந்தது. காலையில் தலை கனக்கிறது என்றார். உட்கார்ந்த இடத்திலேயே தூங்கினார். ஒரு கேள்வி கேட்டால் பதில் வர நேரமாயிற்று. ஒருநாள் கணக்குச் சொல்லும்போது ஆறாவது வியாபாரியோடு நின்றுவிட்டார். கடைக்காரர், "பரவால்லண்ணே, சீட்டு இருக்குல்ல" என்று சொல்லிவிட்டார். அந்த இரக்கமே அவரை ரொம்பச் சுருங்க வைத்தது.

வீட்டில் வேறு விதமான தொல்லைகள். கதவு நிலையில் இடித்துக்கொண்டார். நடக்கும்போது இடது கால் செருப்பு கழன்று வாசலிலேயே கிடக்கும். அவர் பாட்டுக்கு ஒற்றைச் செருப்போடு போய்க்கொண்டிருப்பார். தட்டில் வைத்த பொரியலைத் தொடாமல் எழுந்துவிட்டு, "இன்னைக்கு பொரியல் வைக்கலையா ஆத்தா?" என்று மகளைக் கேட்டார்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்ன சமாதானம் ஒன்றுதான். "கண்ணு தெரியாத மனுசன். வயசும் ஆகுது. இடிக்கத்தான் செய்வார்." காட்டிய இடத்தில் ஒரு டாக்டரும் கிட்டத்தட்ட அதையே சொன்னார். விழுந்த பயம், சரியாகிவிடும் என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மகளுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. 'அப்பாவுக்குக் கண்ணு தெரியாமப் போயி அம்பத்தஞ்சு வருஷமாச்சு. இந்த வீட்டுல ஒருநாளாவது கதவுல இடிச்சிருப்பாரா?'

கடிகாரம் வரையச் சொன்னார்கள்

அந்தச் சமயத்தில் முதியோருக்கான மருத்துவ முகாம் ஒன்று நடந்தது. மகள் அழைத்துப் போனார். அங்கே ஒரு இளைஞர் ஞாபகசக்தியைச் சோதிக்கும் தாளை எடுத்தார். 'மோகா' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சோதனை. கனடாவின் மான்ட்ரியலைச் சேர்ந்த டாக்டர் நஸ்ரதீன் குழுவினர் 2005-ல் வெளியிட்டது. இன்று உலகம் முழுவதும் பயன்படுகிறது, தமிழிலும் இருக்கிறது. மொத்தம் 30 மதிப்பெண். 26-க்குக் கீழே போனால் மூளையின் செயல்திறனை இன்னும் விரிவாகப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

அந்தத் தாளில் மூன்று விலங்குகளின் படம் இருக்கிறது. பெயர் சொல்ல வேண்டும். ஒரு கனசதுரத்தைப் பார்த்து வரைய வேண்டும். எண்களையும் எழுத்துகளையும் கோடு போட்டு இணைக்க வேண்டும். வட்டம் போட்டு, எண்கள் எழுதி, முள் வைத்துக் கடிகாரம் வரைய வேண்டும். இவற்றுக்கு மட்டும் 8 மதிப்பெண்.

கம்ப்யூட்டர் அண்ணனின் தாளில் அந்த எட்டு இடத்திலும் பூஜ்யம் விழுந்தது. மற்றவற்றில் 15. 'முப்பதுக்குப் பதினைந்து' என்று எழுதி, "மறதி நோய் ஆரம்பம் மாதிரி தெரியுதுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இங்கே ஒரு எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூளையில் ஒரு குறையும் இல்லாத பார்வையற்றவர் ஒருவர் இதே சோதனையை எழுதுகிறார். காதால் கேட்டுச் சொல்ல வேண்டிய எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லிவிடுகிறார். அவருக்குக் கிடைப்பது 22 மட்டுமே. அதாவது, முழுச் சரியாகச் செய்தவரும் 26-ஐத் தாண்ட முடியாது! அந்தத் தாளின்படி பார்வையில்லாத எல்லோருக்கும் மூளையில் கோளாறு.

இன்னும் பழைய சோதனை ஒன்று இருக்கிறது. 1975-ல் ஃபோல்ஸ்டீன் தம்பதி மெக்ஹியூவுடன் சேர்ந்து வெளியிட்ட 'மினி மென்டல்' சோதனை. அதில் ஒரு அட்டையைக் காட்டி, அதில் எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்யச் சொல்வார்கள். அட்டையில் எழுதியிருப்பது, 'கண்களை மூடுங்கள்'!

இதை ஆராய்ச்சியாளர்கள் கவனிக்காமல் இல்லை. கண்ணை நம்பியிருக்கும் கேள்விகளை எடுத்துவிட்டு, மோகா சோதனையை 22 மதிப்பெண்ணுக்கு மாற்றி, 18-ஐ எல்லையாக வைத்து, கனடாவில் விட்டிச் குழுவினர் 2010-ல் ஆய்வு வெளியிட்டார்கள். மினி மென்டலுக்கும் 22 மதிப்பெண் கொண்ட பார்வையற்றோர் வடிவம் உண்டு. ஆனால் அப்படி ஒன்று இருப்பது முகாமில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமே!

அந்த அளவுகோலில் பார்த்தாலும் கம்ப்யூட்டர் அண்ணன் எடுத்தது 22-க்கு 15. எல்லைக்குக் கீழேதான். ஆக, ஏதோ கோளாறு இருப்பது உண்மை. ஆனால் என்ன கோளாறு, எங்கே என்று அந்த எண் சொல்லவில்லை. 'மறதி நோய்' என்ற பெயர் விழுந்ததும் தேடுவதும் நின்றுவிட்டது. வீட்டில் எல்லோரும் மெல்லப் பழகிக்கொள்ளத் தயாரானார்கள்.

"நாலுலயே நின்னுட்டான்மா!"

ஞாயிற்றுக்கிழமை ஆபரேட்டர் போன் செய்தார். வழக்கமான பேச்சு. கடைசியில், "நம்பர் போடட்டுமாடா?"

"ம்."

"ஏழு, ரெண்டு, ஒம்பது, நாலு, ஒண்ணு."

மறுமுனையில் நீண்ட மௌனம். "ஒண்ணு... நாலு..." அவ்வளவுதான். நான்கு இலக்கம் கொடுத்தபோதும் பாதியில் நின்றார். மூன்று கொடுத்த பிறகுதான் சரியாக வந்தது.

ஆபரேட்டர் உடனே மகளிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். "ஆத்தா, உங்க அப்பனுக்கு இது வயசுக் கோளாறு இல்ல. போன மாசம் முதல் ஞாயித்துக்கிழமை எட்டு நம்பர் சொன்னான். நாலு வாரத்துல எட்டு மூணாயிருச்சு. மறதி நோய் இவ்வளவு வேகமாவா வரும்? என்னமோ ஆயிருக்கு. நாளைக்கே மதுரைக்குப் போறோம். நானும் வர்றேன்."

இரண்டு நண்பர்கள், இரண்டு நாற்காலிகள்

மதுரையில் நரம்பியல் மருத்துவர் அவர்களை முதலில் உளவியலாளரிடம் அனுப்பினார். மூளையின் எந்தப் பகுதி எப்படி வேலை செய்கிறது என்பதைக் கேள்விகளாலும் சின்னச் சின்ன வேலைகளாலும் கண்டுபிடிப்பது நரம்பு உளவியல். நம் நாட்டில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2004-ல் இதற்கென ஒரு சோதனைத் தொகுப்பையே வெளியிட்டிருக்கிறது.

அந்த அம்மையார் தாளை எடுக்கவில்லை. முதலில் மகளிடம் அரை மணி நேரம் பேசினார். எந்த வயதில் பார்வை போனது? கொஞ்சமாவது வெளிச்சம் தெரியுமா? எவ்வளவு படித்தார்? பிரெயில் எந்தக் கையால் படிப்பார்? விழுவதற்கு முன் தனியாக எங்கெல்லாம் போவார்? என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்?

"இதயத்துக்காக, ரத்தம் உறையாம இருக்க ஒரு மாத்திரை சாப்பிடுறாருங்க" என்றார் மகள். அந்த அம்மையார் அதைக் குறித்துக்கொண்டார்.

ஆபரேட்டர் எண் விளையாட்டைப் பற்றிச் சொன்னதும் அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "ஐயா, நீங்க நாப்பது வருஷமா விளையாடுறது எங்க சோதனைல ஒண்ணு. இலக்க நினைவுன்னு சொல்வோம். எல்லா பேஷன்ட்டுக்கும் 'நல்லா இருந்தப்போ எப்படி இருந்தார்?'னு தெரியாம நாங்க திண்டாடுவோம். இவருக்கு நீங்க கணக்கு வெச்சிருக்கீங்க!"

பிறகு ஒரு யோசனை சொன்னார். "நீங்களும் கூட உக்காருங்க. ஒரே வயசு, ஒரே பள்ளிக்கூடம், ரெண்டு பேருக்கும் சின்ன வயசுலயே பார்வை போயிருக்கு. ஒருத்தரை மட்டும் வெச்சு முடிவு கட்ட முடியாது. ஆனா, எது பார்வை இல்லாததால வர்றது, எது அதனால வரலைன்னு பார்க்க உதவியா இருக்கும்."

முதலில் சொற்கள். பதினைந்து சொற்களைச் சொல்லி, ஞாபகம் இருப்பதைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். இப்படி ஐந்து முறை. ஆபரேட்டர் ஏழில் ஆரம்பித்துப் பதின்மூன்றில் முடித்தார். கம்ப்யூட்டர் அண்ணன் நான்கில் ஆரம்பித்து ஏழோடு நின்றார். ஒரு நிமிடத்தில் தெரிந்த விலங்குகளின் பெயரெல்லாம் சொல்லச் சொன்னபோது ஆடு, மாடு, எருமை வரைக்கும் வேகமாக வந்தவர், அப்புறம் வழி மறந்தவர் போலத் தேடினார்.

அடுத்து ஒரு தாம்பாளம். அதில் பன்னிரண்டு நாணயங்களைப் பரப்பி வைத்தார். ஒரு ரூபாய் முதல் இருபது ரூபாய் வரை, பார்வையற்றவர்கள் தடவிப் பார்த்தே அடையாளம் காணும்படி 2019-ல் அரசு வெளியிட்ட வரிசை. இருபது ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கங்கள் இருக்கும். "எல்லாத்தையும் எடுத்து எண்ணிச் சொல்லுங்கய்யா."

ஆபரேட்டர் இரண்டு கையாலும் தாம்பாளத்தை ஓரத்திலிருந்து ஓரம் வரை துழாவி, பன்னிரண்டையும் அடுக்கிக் கூட்டுத்தொகையும் சொன்னார். கம்ப்யூட்டர் அண்ணன் ஏழு நாணயம் எடுத்தார். ஒவ்வொன்றையும் சரியாக இன்னதென்று சொன்னார். பிறகு, "அவ்வளவுதானுங்க" என்று கையைக் கட்டிக்கொண்டார்.

மிச்ச ஐந்தும் தாம்பாளத்தின் இடது பக்கம் கிடந்தன.

மகளுக்கு நெஞ்சு திக்கென்றது. தொடாமல் விட்ட பொரியலும் தட்டின் இடது பக்கம்தான். கழன்று விழுந்ததும் இடது செருப்பு. இடித்ததும் எப்போதும் இடது தோள்.

அந்த அம்மையார் ஒரு கம்பைக் கையில் கொடுத்து நடுவைக் காட்டச் சொன்னார். அவர் காட்டிய நடு வலது ஓரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. கையின் பின்புறம் லேசாகத் தொட்டார். வலதைத் தொட்டால் வலது என்றார், இடதைத் தொட்டால் இடது என்றார். இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டபோது, "வலது" என்று மட்டும் சொன்னார்.

உணர்ச்சி இருக்கிறது. ஆனால் இடது பக்கத்து உலகம் அவருடைய கவனத்திலிருந்து கழன்றுகொண்டிருக்கிறது. மூளையின் வலது பக்கம் உடலின் இடது பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறது. இது கண்ணால் வரும் பிரச்னை இல்லை. கண்ணே வேலை செய்யாதவருக்கும் மூளையில் அடிபட்டால் ஒரு பக்கம் காணாமல் போகலாம்.

"சோதனையை இதோட நிறுத்திக்கலாம். முதல்ல ஸ்கேன் எடுத்துடலாம், இன்னைக்கே" என்றார் அவர்.

பார்வையில்லாதவர் மூளையில் என்ன இருக்கிறது?

ஸ்கேன் அறைக்கு வெளியே காத்திருந்த நேரத்தில் ஆபரேட்டர் கேட்டார், "ஏம்மா, எங்க மூளையும் மத்தவங்க மூளையும் ஒண்ணுதானா?"

இந்தக் கேள்விக்கு விஞ்ஞானிகளே ரொம்ப காலம் பதில் தேடினார்கள். தலையின் பின்பக்கத்தில், கண் அனுப்பும் செய்தியைப் பார்த்துக்கொள்ளும் பகுதி ஒன்று இருக்கிறது. பிறந்ததிலிருந்தோ சின்ன வயதிலிருந்தோ பார்வை இல்லாதவர்களுக்கு அது சும்மா கிடக்கும் என்றுதான் நினைத்தார்கள். 1996-ல் சதாட்டோ குழுவினர் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு அதை மாற்றியது. பார்வையற்றவர்கள் விரலால் பிரெயில் படிக்கும்போது அந்தப் பின்பக்கப் பகுதி சுறுசுறுப்பாக வேலை செய்தது.

2000-ம் ஆண்டில் இன்னொரு செய்தி வந்தது. பிறவியிலேயே பார்வையில்லாத ஒரு பெண், பிரெயிலில் கெட்டிக்காரர். பக்கவாதத்தால் அவருடைய மூளையின் பின்பக்கம் இரண்டு புறமும் பாதிக்கப்பட்டது. அதற்குப் பிறகு அவரால் பிரெயில் படிக்க முடியவில்லை. ஆனால் தொடு உணர்ச்சியில் வேறு குறை எதுவும் தெரியவில்லை! பார்வை உள்ள ஒருவருக்கு அங்கே அடிபட்டிருந்தால் கண் பார்வை போயிருக்கும். இவருக்கோ விரலின் எழுத்தறிவு போய்விட்டது.

நினைவாற்றல் பற்றியும் ஆய்வு உண்டு. பிறவியிலேயே பார்வையற்றவர்கள் சொற்களை, அவை வந்த வரிசையிலேயே ஞாபகம் வைத்துக்கொள்வதில் பார்வையுள்ளவர்களை மிஞ்சுவதாக ராஸ் குழுவினர் 2007-ல் எழுதினார்கள். காரணம் வாழ்க்கையிலேயே இருக்கிறது. பார்வையுள்ளவர் சாவியை எங்கே வைத்தோம் என்று சுற்றிப் பார்த்துக்கொள்ளலாம். பார்வையில்லாதவர் வைத்த இடத்தை நினைவில் வைத்தே ஆக வேண்டும். தினமும் நடக்கிற பயிற்சி அது.

சோதிப்பவருக்குச் சிக்கலும் இங்கேதான். பார்வையுள்ளவர்களை வைத்து வகுத்த அளவுகோல் பார்வையற்றவரைச் சில இடங்களில் அநியாயமாகக் கீழே தள்ளுகிறது. வேறு சில இடங்களில் தேவைக்கு மேல் தூக்கிவிடுகிறது. எட்டு இலக்கம் சொன்னவர் ஐந்துக்கு இறங்கினால், சாதாரண அளவுகோல் 'நார்மல்' என்றுதான் சொல்லும். அவருடைய இழப்பு அதில் தெரியாது.

அமெரிக்காவில் ஹால்ஸ்டெட், ரைட்டன் பெயரில் வழங்கும் பழைய சோதனைத் தொகுப்பில் ஒரு வேடிக்கை உண்டு. பார்வையுள்ளவரின் கண்ணைத் துணியால் கட்டிவிட்டு, பத்துக் கட்டைகளை அதனதன் குழியில் பொருத்தச் சொல்வார்கள். கண்ணில்லாமல் கை என்ன செய்கிறது என்று பார்க்கத்தான். பிறந்ததிலிருந்து கையாலேயே உலகைப் பார்த்தவரை அந்த அளவுகோலில் நிறுத்தினால் அதுவும் பொருந்தாது.

தலைக்குள் தேங்கிய ரத்தம்

ஸ்கேனில் எல்லாம் வெளிச்சமாயிற்று. மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே, வலது பக்கத்தில், பிறை வடிவில் ரத்தம் தேங்கியிருந்தது. விழுந்த அன்று கிழிந்தது ஒரு சின்ன ரத்தக் குழாயாக இருக்கும். வயதாகும்போது மூளை லேசாகச் சுருங்குவதால், மூளைக்கும் உறைக்கும் நடுவே ஓடும் மெல்லிய குழாய்கள் இழுபட்டு நிற்கும். சின்ன அடியும் போதும். சொட்டுச் சொட்டாகக் கசிந்து, வாரக்கணக்கில் சேர்ந்து, மூளையை அழுத்தும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். இன்னும் சில நாள் விட்டிருந்தால் நினைவிழந்து போயிருப்பார் என்றார் மருத்துவர்.

முதல்வர் காப்பீட்டு அட்டையோடு மகள் கவுன்ட்டருக்கும் வார்டுக்குமாக ஓடினார். மண்டையோட்டில் சிறு துளையிட்டு, தேங்கிய ரத்தத்தை வடித்தார்கள். மூன்றாம் நாள் காலை, கட்டுப் போட்ட தலையோடு படுத்திருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "ஆத்தா, என் இடது செருப்பு எங்க?"

மகள் வார்டு என்றும் பார்க்காமல் அழுதுவிட்டார்.

வீட்டில் இருப்பவர்கள் பார்க்க முடிவது

ஒரு பார்வையற்றவர் திடீரென்று தடுமாறினால் உடனே 'கண் தெரியாது, அதனால்தான்' என்று முடிவு கட்டிவிடுகிறோம். அவருக்குப் பழகிய வீடு, பழகிய தெரு என்றால் அந்தக் காரணம் நிற்காது. நேற்றுவரை இடிக்காதவர் இன்று இடிக்கிறார் என்றால் நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவே ஏதோ நடந்திருக்கிறது.

மருத்துவரிடம் போகும்போது சில விஷயங்களைச் சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும். எந்த வயதில் பார்வை போனது, முன்பு தனியாக என்னென்ன செய்தார், எது எப்போதிலிருந்து மாறியது, ஒரு பக்கமாகவே தவறுகிறதா, கடந்த இரண்டு மூன்று மாதத்தில் தலையில் சின்ன அடியாவது பட்டதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார். ஞாபகசக்திக்குச் சோதனை வைத்தால், "படம் பார்க்கிற கேள்வியைக் கழிச்சுட்டுத்தான் மார்க் போட்டீங்களா?" என்று தயங்காமல் கேட்கலாம்.

தாங்க முடியாத தலைவலி, விடாத தூக்கம், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் பலவீனம் இருந்தால் எந்தச் சோதனைக்கும் காத்திருக்கக் கூடாது. நேராகப் பெரிய மருத்துவமனைதான்.

மூன்று மாதம் கழித்து

மறுபடியும் மதுரை. மறுபடியும் இரண்டு நாற்காலிகள். தாம்பாளத்தில் பன்னிரண்டு நாணயம். கம்ப்யூட்டர் அண்ணன் இடது ஓரத்திலிருந்து ஆரம்பித்துப் பன்னிரண்டையும் எடுத்து அடுக்கினார். பதினைந்து சொற்களில் பதினொன்று வந்தது. கம்பின் நடு, நடுவிலேயே இருந்தது.

எல்லாமே திரும்பிவிடவில்லை. அவர் பிரெயில் படிப்பது இடது ஆள்காட்டி விரலால். அந்த விரல் இப்போதும் மந்தம். ஒரு வரியை இரண்டு முறை தடவ வேண்டியிருக்கிறது. வலது விரலுக்குப் படிக்கப் பழக்கிக்கொண்டிருக்கிறார், மூன்றாம் வகுப்புப் பையன் மாதிரி எழுத்துக் கூட்டி. மார்க்கெட்டில் இன்னமும் முதல் பத்துக் கணக்குதான் அவர் பொறுப்பு. மிச்சத்தைச் சீட்டு பார்த்துக்கொள்கிறது. அதில் அவருக்கு வருத்தம் உண்டு. வெளியே சொல்வதில்லை.

கண்ணை நம்பும் கேள்விகளைக் கழித்த மோகா சோதனையும் நடந்தது. முடிந்ததும் கம்ப்யூட்டர் அண்ணன் கேட்டார், "எத்தனை மார்க்குங்க மேடம்?"

"22-க்கு 20 ஐயா."

"இவனுக்கு?"

"21."

சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், நண்பர் உட்கார்ந்திருந்த இடது பக்கம் திரும்பினார். "பென்ஷன் வாங்கிட்டு வீட்டுல சும்மா உக்காந்திருக்கிறவனுக்கு மூளைக்கு என்னடா வேலை? ஒரு மார்க்குதானே. ஞாயித்துக்கிழமை போன் பண்ணு, பாத்துக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. அன்று ஆறு இலக்கம் வரை போனார்கள்.